பெரிய வீட்டில் ஒரு காட்சி: வசனம் இல்லாமல் எப்படிச் சொல்வது?

கோட்டையூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

குறும்படம் ஒன்று எடுக்கப் போகிறோம். செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கம் உறவினர் வீடு ஒன்று படப்பிடிப்புக்குக் கிடைத்திருக்கிறது. முகப்பு, வளவு (நடுவில் திறந்த முற்றமும் சுற்றி அறைகளும் உள்ள பகுதி), இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. கதை சின்னதுதான். அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒருவர் சென்னையில், இன்னொருவர் கோலாலம்பூரில். வீட்டை விற்பது பற்றிப் பேச ஊருக்கு வருகிறார்கள். வீட்டில் இப்போது இருப்பது அவர்களுடைய அயித்தை மட்டும். கணவர் இறந்த பிறகு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, அத்தனை வருஷமும் அந்த வீட்டைத் திறந்து, கூட்டி, விளக்கேற்றி வைத்திருப்பவர். விற்கலாமா என்று அவரிடம் ஒருவரும் கேட்பதில்லை. படத்தின் நடுவில் ஒரு பெரிய காட்சி வருகிறது. சாயங்கால நேரம், அண்ணனும் தம்பியும் வளவில் உட்கார்ந்து விலை பேசுகிறார்கள், அயித்தை காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். அவ்வளவுதான்.

"என்னை ஒருத்தரும் கேட்கவில்லையே" என்று அயித்தை வாயால் சொல்லக்கூடாது. அண்ணன் தம்பி வாயிலிருந்தும் அது வரக்கூடாது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது உறைக்க வேண்டும்.

போனிலேயே ஒரு ஒத்திகை எடுத்து நண்பர்களுக்குக் காட்டினோம். எல்லோரும் தூணையும் தரையையும் பார்த்து "என்ன அழகு, என்ன அழகு" என்றார்கள். அயித்தையைப் பற்றி ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லை. வெளிச்சம், நிறம், உடை, பொருட்கள், நடிகர் நிற்கும் இடம், கேமராவின் உயரம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு காட்சிக்கு அர்த்தம் வருகிறது என்று படித்திருக்கிறேன். எப்படி வருகிறது என்பதுதான் பிடிபடவில்லை. ஒரு நண்பர் நின்றுபோன கடிகாரத்தைச் சுவரில் மாட்டச் சொல்கிறார். இன்னொருவர் கூண்டுக்கிளி வைக்கச் சொல்கிறார். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை, ஏன் ஒட்டவில்லை என்று அவர்களுக்கு விளக்கவும் தெரியவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள், அல்லது இப்படிப்பட்ட வீடுகளில் வாழ்ந்தவர்கள், உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்.


ஆசாரிப்பட்டறை:

கலை இயக்கத்தில் உதவியாளராக இருக்கிறேன். அந்தப் பக்க வீடுகளில் படப்பிடிப்புக்கு வேலை பார்த்திருக்கிறேன்.

கடிகாரமும் கிளியும் ஏன் ஒட்டவில்லை என்றால், அவை எந்தக் கதைக்கும் பொருந்தும். நின்ற கடிகாரத்தைப் பார்த்ததும் "சரி, காலம் உறைந்துவிட்டது" என்று பார்க்கிறவர் புரிந்துகொள்வார், அதோடு அதன் வேலை முடிந்தது. உங்கள் கதையில் வரும் மூன்று பேரில் ஒருவருக்கும் அந்தக் கடிகாரத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. திரையில் ஒரு பொருள் பேச வேண்டும் என்றால் யாராவது அதைத் தொட வேண்டும், தேட வேண்டும், கைமாற்ற வேண்டும், அல்லது கண்ணெதிரே இருந்தும் தொடாமல் விட வேண்டும்.

சாவிக்கொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வீடுகளில் வளவைச் சுற்றி ஒவ்வொரு பங்காளிக்கும் அறை இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. சாவியெல்லாம் அயித்தை கையில். சென்னைக்காரர் வந்து இறங்கியதும் தன் அறைச் சாவியைக் கேட்கிறார். அயித்தை கொத்தைப் பார்க்காமலே, விரலால் தடவியே சரியான சாவியைப் பிரித்துத் தருகிறார். க்ளோசப் வேண்டாம், அவர் ஏதோ பேசிக்கொண்டே செய்யட்டும், நடுத்தர ஷாட்டில் இருந்தால் போதும். அப்புறம் விலை பேசும் காட்சியில் முழுக்கொத்தும் மேஜைமேல் அண்ணன் தம்பி நடுவே கிடக்கிறது. யார் வாங்கினார், எப்போது வாங்கினார் என்று காட்ட வேண்டியதே இல்லை. முதல் காட்சியில் அந்த விரல்களைப் பார்த்தவருக்கு இரண்டாவதில் அந்தக் கொத்து கிடக்கும் இடம் போதும்.

அடுத்தது அழகுப் பிரச்சினை. கலை வேலை என்றால் கொண்டுவந்து நிரப்புவது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உங்கள் வீட்டில் பாதி வேலை எடுத்துவைப்பதாகத்தான் இருக்கும். பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, ரவி வர்மா படம், ஆத்தங்குடித் தரைக்கல் எல்லாம் ஒரே சட்டகத்தில் (ஃபிரேமில்) வந்தால் கண் நடிகரிடம் போகவே போகாது. அதிலும் ஆத்தங்குடிக் கல் சாதாரணத் தரை இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் நிறக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு வார்த்து எடுப்பது. சூளையில் சுடுவதில்லை. அந்தக் கண்ணாடியில் பட்ட பக்கம்தான் நாம் காலால் மிதிக்கிற பக்கம், அதனால்தான் அந்தப் பளபளப்பு. பூவும் கட்டமுமாக அழுத்தமான நிறங்கள் வேறு. கேமராவை நெஞ்சு உயரத்தில் வைத்துக் கொஞ்சம் கீழே சாய்த்தால் சட்டகத்தில் பாதி தரையாகிவிடும். உங்கள் ஒத்திகையில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். வளவு நடுவில் பெரிய ஜமுக்காளத்தை விரித்துப் பாருங்கள், அல்லது தரை குறைவாக விழும் கோணத்தைத் தேடுங்கள். அழகான பொருள்களில் ஒன்றை மட்டும் வையுங்கள், அதுவும் கதையில் யாருக்காவது சொந்தமானதாக இருக்கட்டும்.

அயித்தை வழக்கமாக உட்காரும் ஒரு இடத்தை முடிவு செய்யுங்கள். விசிறி, தைலக் குப்பி, மூக்குக்கண்ணாடி, ஒரு டம்ளர், மடித்த பத்திரிகை, அவ்வளவுதான். அவர் சாயும் இடத்தில் தலை உயரத்துக்கு எண்ணெய்க் கறை படிந்திருக்க வேண்டும். எத்தனை வருஷம் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதை அந்தக் கறை சொல்லிவிடும். ஆனால் தயவுசெய்து சொல்கிறேன், உண்மையான சுவரில் கை வைக்காதீர்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த பழைய சுண்ணாம்புப் பூச்சில் எண்ணெய் ஏறினால் திரும்ப எடுக்க முடியாது, அந்த மாதிரிப் பூச இப்போது ஆளும் குறைவு. அதே நிறத்தில் ஒரு பலகை செய்து சாத்திவைத்து அதில் கறையைப் போடுங்கள்.


தேவகோட்டை ஆச்சி:

ஆத்தா, நான் சினிமா படித்தவள் இல்லை. இப்படி ஒரு வீட்டில் வாக்கப்பட்டு வந்து இங்கேயே இருப்பவள். படம் எடுக்க வருகிறவர்கள் எங்கள் வீட்டை வெறும் பின்னணியாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்ற வருத்தம் எனக்கு உண்டு, அதனால் உன் கேள்வியைப் பார்த்ததும் எழுத வேண்டும் போல் இருந்தது.

நீ காட்சியை வளவில் வைத்திருக்கிறாய். விலை, கொடுக்கல் வாங்கல், கணக்குப் பேச்செல்லாம் அந்தக் காலத்தில் முகப்பில்தான் நடக்கும். வெளி ஆட்கள் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். வளவு என்பது கல்யாணமும், முன்னோர்களுக்குச் செய்கிற படைப்பும் நடக்கிற இடம், பெண்டுகளும் பிள்ளைகளும் புழங்குகிற இடம். பையன்கள் இருவரும் வளவுக்குள் உட்கார்ந்து விலை பேசினால், வெளியில் பேச வேண்டிய பேச்சை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு உடனே தெரியும். முகப்பில் உட்கார்ந்து பேசினால் வேறு அர்த்தம். அப்போது அயித்தை வாசல் நிலையைத் தாண்டி வரமாட்டார், நிலைக்கு உட்புறமே நின்று கேட்பார். நிலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் பிள்ளைகள். இதில் எது உன் கதைக்குச் சரி என்று நீதான் சொல்ல வேண்டும், ஆனால் யோசிக்காமல் வைத்துவிடாதே.

இன்னொன்று. வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் ஆண்பிள்ளைகளுக்குக் கல்யாணமானதும் கொடுப்பது. பெண்பிள்ளை கட்டிக்கொடுத்துப் போகிறவள், பழைய வழக்கப்படி அவளுக்கு அங்கே அறை கிடையாது. உன் கதையில் வரும் அயித்தை திரும்பி வந்தவர், வீடு முழுக்க அவர் கையில் இருந்தாலும் படுக்கிற இடம் இரண்டாம் கட்டுத் தாழ்வாரமாகத்தான் இருக்கும். பூட்டிக் கிடக்கிற பெரிய அறைகள் இத்தனை, அவருக்கு ஒரு பாய். அந்தப் பாய் எங்கே சுருட்டி வைத்திருக்கிறது என்று ஒரு தடவை காட்டு, போதும்.

பிள்ளைகள் செருப்புக்காலோடு எதுவரை வருகிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள். அதைக் கண்டு அயித்தை ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் பார்ப்பார்.

காபி விஷயம் முக்கியம். வீட்டு மனிதர்களுக்கு எவர்சில்வர் டம்ளர் டபராதான். அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் பழைய பீங்கான் கோப்பையை விருந்தாளி வந்தால்தான் எடுப்போம். அயித்தை அந்தக் கோப்பையை எடுத்துத் துடைத்து அதில் காபி கொண்டுவந்து கொடுத்தால் என்ன அர்த்தம் என்று நீயே யோசி.


கோட்டையூர்க்காரி:

ஆச்சி, கோப்பை விஷயம் படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அயித்தை எதுவும் சொல்ல முடியாதவர் என்றே இதுவரை எழுதி வைத்திருந்தோம். இதில் அவர் பதில் சொல்லிவிடுகிறார். ஒரு சந்தேகம்: இந்த வழக்கமெல்லாம் தெரியாத திருநெல்வேலிக்காரரோ கோயம்புத்தூர்க்காரரோ பார்த்தால் புரியுமா?

உடை பற்றியும் கேட்க வேண்டும். வெள்ளைச் சேலை கட்டச் சொல்லலாம் என்று இருந்தோம்.


தேவகோட்டை ஆச்சி:

வெள்ளை வேண்டாம் ஆத்தா. வெள்ளையைக் கண்டதும் எல்லோரும் "ஐயோ பாவம்" என்றுதான் பார்ப்பார்கள், அதற்குமேல் அவரைப் பற்றி யோசிக்க மாட்டார்கள். இப்போது எங்கள் பக்கத்தில் எல்லோரும் வெள்ளை கட்டுவதும் இல்லை. துவைத்துத் துவைத்து வெளுத்த கண்டாங்கிச் சேலை கட்டச் சொல். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கடைகளில் புதுசு புதுசாக வருகிறது, அந்தப் புதுசு வேண்டாம். யார் வீட்டிலாவது பழைய பருத்திக் கண்டாங்கி இருக்கும், கேட்டு வாங்கு. கடுகு மஞ்சளும் அரக்கும் வெளுத்துப் போனால் ஒரு நிறம் வரும், அது சாயத்தில் வராது.

கோப்பை புரியுமா என்றால், முந்திய காட்சியில் அயித்தை தான் குடிப்பது எவர்சில்வர் டம்ளரில் என்று காட்டிவிடு. அப்புறம் அலமாரியைத் திறந்து கோப்பையை எடுப்பது. எந்த ஊர்க்காரருக்கும் விளங்கும்.


காடாத்துணி:

ஒளிப்பதிவில் இருக்கிறேன். ஆச்சி சொன்னதைப் படித்தபிறகு எனக்கு வேலை பாதி குறைந்துவிட்டது, ஏனென்றால் யார் எங்கே இருப்பார் என்று அந்த வீடே முடிவு செய்து வைத்திருக்கிறது. நாம் செய்ய வேண்டியது அந்த இடைவெளிகளைச் சரியாகப் படம் பிடிப்பது.

அந்த வீடுகளின் விசேஷம், முகப்பு வாசலில் நின்றால் நிலைக்குப் பின் நிலை, கட்டுக்குப் பின் கட்டு, கடைசிக் கதவுவரை ஒரே நேர்கோட்டில் தெரியும். நடுவில் திறந்த வாசல், அதாவது முற்றம், வரும் இடத்திலெல்லாம் மேலிருந்து வெளிச்சம் விழும், தாழ்வாரம் இருட்டாக இருக்கும். ஒளி, இருள், ஒளி, இருள் என்று மாறி மாறிப் போகும். இதைவிட ஆழமான சட்டகம் வேண்டுமென்றால் காசு கொட்டிச் செட் போட வேண்டும். கேமராவை வளவின் ஒரு ஓரத்தில் வைத்து, முன்னால் அண்ணனும் தம்பியும் இருபுறமும், அவர்களுக்கு நடுவே தெரியும் நிலைக்குள், அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு வெளிச்சத்தில் அயித்தை சின்னதாகத் தெரிவது போல் வையுங்கள். பேச்சு முழுக்க முன்னால் நடக்கட்டும். பின்னால் அவர் ஏதோ வேலை செய்துகொண்டிருக்கட்டும். எதைப் பார்ப்பது என்று பார்க்கிறவர் தானாகத் தேர்ந்தெடுப்பார், பேச்சு நீள நீள அவர் கண் பின்னால் போகும்.

இது பழைய உத்திதான். 1941ல் வந்த "சிட்டிசன் கேன்" படத்தில், ஒளிப்பதிவு கிரெக் டோலண்ட், பையனை வேறொருவர் பொறுப்பில் விடுவதற்கான காகிதத்தில் அம்மா கையெழுத்துப் போடும் காட்சி உண்டு. அம்மாவும் வங்கிக்காரரும் முன்னால் மேஜையில், அப்பா நடுவில் நின்று முறையிடுகிறார், ஜன்னலுக்கு வெளியே பனியில் பையன் விளையாடிக்கொண்டிருக்கிறான். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. முன்னால் இருப்பவர்களும் பின்னால் இருப்பவனும் ஒரே கூர்மையில் தெரிவதால்தான் அந்தக் காட்சி நெஞ்சைப் பிடிக்கிறது. உங்கள் கதையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது: அயித்தைக்கு எல்லாம் காதில் விழுகிறது. அதனால் அவர் கை நிற்கும் ஒரு கணம் வேண்டும். எந்தத் தொகையைச் சொல்லும்போது அந்தக் கை நிற்கிறது என்பதை நடிகையோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

நடைமுறைச் சிக்கல் ஒன்று. முன்னும் பின்னும் கூர்மையாக வேண்டும் என்றால் அகல லென்ஸ், அதாவது 24 அல்லது 28 மில்லிமீட்டர், லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தை எஃப் 8 அளவுக்காவது சுருக்க வேண்டும். அதற்கு நிறைய வெளிச்சம் தேவை, நிஜமான சாயங்காலத்தில் கிடைக்காது. அகல லென்ஸ் தூரத்தைக் கூட்டிக் காட்டும் என்பது உங்களுக்கு லாபம், அயித்தை இருப்பதைவிடத் தள்ளித் தெரிவார். அதே சட்டகத்தைத் தூரப்போய் 85ல் எடுத்தால் மூவரும் ஒருவரோடு ஒருவர் ஒட்டினாற்போல் ஆகிவிடும், கதையே மாறிவிடும். வேறு வழியும் இருக்கிறது. துவாரத்தைத் திறந்து வைத்து, அண்ணன் தம்பியைக் கூர்மையாகவும் அயித்தையை மங்கலாகவும் விட்டுவிடலாம். அண்ணன் தம்பி அவரை எப்படிப் பார்க்கிறார்களோ அப்படியே கேமராவும் பார்க்கிறது என்றாகும். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். இரண்டாவதில் நாம் பார்க்கிறவருக்குப் பதிலாக நாமே தேர்ந்தெடுத்துவிடுகிறோம்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். நடுப்பகலில் வளவில் எடுக்கவே எடுக்காதீர்கள். உச்சி வெயில் நேராக விழுந்து கண்குழி கறுத்துவிடும், தாழ்வாரமோ கும்மிருட்டாகத் தெரியும். பிற்பகலில் ஓட்டுச் சரிவின் நிழல் வாசலை மூடியபிறகு, திறந்த வானத்து வெளிச்சம் மட்டும் இறங்கும். அதுதான் நல்ல நேரம், அதில் முகங்கள் பேசும். அது போதாவிட்டால் வாசலுக்கு மேலே வெள்ளைக் காடாத் துணியைக் கட்டி, கீழிருந்து விளக்கை அதன்மேல் அடித்துத் திருப்புங்கள். இந்த முறைக்கு நம் நாட்டிலேயே பெரிய முன்னோடி உண்டு. சத்யஜித் ராயின் "அபராஜிதோ" (1956) படத்தில் காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் பன்சி சந்திரகுப்தா செட்டாகப் போட்டார். நாலுபக்கமும் கட்டடம் சூழ்ந்த முற்றத்தில் விழும் நிழலில்லாத பகல் வெளிச்சத்தை ஸ்டூடியோவில் எப்படிக் கொண்டுவருவது என்று யோசித்த ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி விளக்குகளை அதில் பட்டுத் தெறிக்கவிட்டார். பார்த்தவர்களுக்கு அது செட் என்றே தோன்றவில்லை. உங்களுக்கு உண்மையான முற்றமே கையில் இருக்கிறது.

கேமரா உயரம் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானில் யசுஜிரோ ஓசு, தரையில் உட்கார்ந்து வாழும் வீடுகளைப் படமாக்கும்போது கேமராவைத் தரைக்குச் சற்று மேலே தாழ்த்தி வைத்தார். அயித்தை தரையில் உட்காரும் மனுஷி. பிள்ளைகள் நாற்காலியில். கேமராவை யார் உயரத்தில் வைக்கிறீர்களோ அவர் பக்கம் நீங்கள் நிற்கிறீர்கள். தாழ வைத்தால் அந்தத் தரைப் பூக்களும் சட்டகத்திலிருந்து ஒழியும், பட்டறைக்காரர் சொன்ன பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.


மூன்றாவது வரிசை:

எனக்கு இதில் ஒரு சந்தேகம், தப்பாக நினைக்க வேண்டாம். பட விழாக்களில் குறும்படங்கள் நிறையப் பார்க்கிறேன். சாவி, கோப்பை, நிலை, பாய், கேமரா உயரம் என்று இத்தனையையும் எந்தப் பார்வையாளர் கவனிக்கப் போகிறார்? எடுத்தவர்கள் பின்னால் விளக்கம் சொன்னால்தான் தெரிகிறது. நல்ல நடிகையும் மனசைத் தொடும் இரண்டு வரி வசனமும் இருந்தால் இதெல்லாம் தேவையில்லை என்றுதான் என் எண்ணம். வசனத்தால் வளர்ந்த சினிமா நம்முடையது. அதில் கேவலம் ஒன்றும் இல்லை.


ஒட்டுவேலை:

மேலே கேட்டவருக்குப் பதில். நான் படத்தொகுப்பு செய்கிறேன்.

வசனத்தை நானும் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்த மண்ணிலிருந்து போனவர்கள்தானே அந்தச் சினிமாவைக் கட்டினார்கள். கோடம்பாக்கத்துக்குப் போகுமுன் ஏவி.எம். ஸ்டூடியோ தேவகோட்டை ரஸ்தாவில் இருந்தது, 1947ல் "நாம் இருவர்" அங்கிருந்துதான் வந்தது. சிறுகூடல்பட்டியிலிருந்து கண்ணதாசன். ஆனால் அதே ஏவி.எம். 1954ல் பாட்டே இல்லாமல் "அந்த நாள்" எடுத்தது, எஸ். பாலசந்தர் இயக்கத்தில், நிழலையும் கோணத்தையும் நம்பி. நம் மரபில் இரண்டுமே இருக்கிறது.

பார்க்கிறவர் "கவனிக்க" வேண்டும் என்பதே இல்லை. ஒத்திகையை நண்பர்களுக்குக் காட்டியபோது அவர்கள் தூணைப் பார்த்தார்கள் அல்லவா? தூணைப் பாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. எது வெளிச்சமாக இருக்கிறதோ, எது சட்டகத்தின் நடுவில் இருக்கிறதோ, எது அசைகிறதோ, எது சுற்றியுள்ளதோடு ஒட்டாத நிறத்தில் இருக்கிறதோ அங்கே கண் போகும். அழகு என்று சொன்னதும் ஒரு அர்த்தம்தான், கோட்டையூர்க்காரி விரும்பாத அர்த்தம். சட்டகம் ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கும், நாம் தீர்மானிக்காவிட்டால் தூண் தீர்மானிக்கும்.

எல்லாவற்றையும் ஒரே காட்சியில் அடைக்கக்கூடாது என்பதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போகிறேன். சாவி, கோப்பை, பாய், செருப்பு, எண்ணெய்க்கறை ஐந்தும் சேர்ந்தால் பார்க்கிறவருக்கு மூச்சு முட்டும், ஒவ்வொன்றும் "என்னைப் பார்" என்று கூப்பிடும். இரண்டைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்ததைத் திரும்பக் கொண்டுவாருங்கள். எனக்கு எடிட்டிங் மேஜையில் கிடைக்கும் படங்களில் பெரும்பாலும் இல்லாதது அதுதான். ஒரு சட்டகத்தை ஒருமுறை காட்டினால் அது இடம் மட்டும்தான். அதே சட்டகத்தை, அதே கேமரா உயரத்தில், அதே லென்ஸில், ஒன்றே ஒன்றை மாற்றி மறுபடி காட்டினால் அந்த மாற்றம் கண்ணில் தைக்கும். படத்தின் தொடக்கத்தில் அயித்தை தனியாக இருக்கும்போது அந்த நிலைவரிசைச் சட்டகத்தை வையுங்கள். வளவு முழுக்கக் காலி, நடுவில் அவர் உட்கார்ந்து காய் நறுக்குகிறார், தம் கையிலிருக்கும் வீடு என்று தெரிகிறது. அண்ணன் தம்பி வந்தபிறகு அதே சட்டகம். இப்போது அவர் இருந்த இடத்தில் இரண்டு நாற்காலி, அவர் பின்னால் போய்விட்டார். அவரைச் சின்னதாகக் காட்டுவதில் மட்டும் ஒன்றும் இல்லை. முன்பு நடுவில் பார்த்தவரை இப்போது பின்னால் பார்ப்பதுதான் வலிக்கும்.

ஒரு வேண்டுகோள், அந்த இரண்டாவது ஷாட்டை வெட்டாமல் நீளமாக எடுத்து வையுங்கள். அண்ணன் முகம், தம்பி முகம் என்று க்ளோசப் எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை, எடுங்கள், மேஜையில் தேவைப்படலாம். ஆனால் முகத்துக்கு வெட்டும் ஒவ்வொரு முறையும் அயித்தை திரையிலிருந்து காணாமல் போகிறார், பின்னால் அவர் இருக்கிறார் என்ற உணர்வை மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.


மூன்றாவது வரிசை:

திரும்பக் காட்டும்போது மாற்றம் தெரியும் என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனாலும் காபி வைத்துவிட்டுப் போகும்போது அவர் ஒரு வார்த்தையாவது பேசட்டும். பேசாமலே இருந்தால் வேண்டுமென்றே ஊமையாக்கியது போல் இருக்கும். நிஜ அயித்தைகள் அப்படி இருப்பதில்லை.


தேவகோட்டை ஆச்சி:

அந்தத் தம்பி சொல்வது நியாயம். பேசுவார். "சீனி போதுமா அப்பச்சி" என்று கேட்பார். சின்னப் பிள்ளையிலிருந்து எவ்வளவு சீனி போட வேண்டும் என்று தெரிந்து போட்டவர் இன்றைக்குக் கேட்கிறார்.


கோட்டையூர்க்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரவு குழுவோடு உட்கார்ந்து பேசினோம். சாவிக்கொத்தையும் கோப்பையையும் வைத்துக்கொள்கிறோம், மற்றதை விட்டுவிடுகிறோம். பாய் மட்டும் அந்தத் தொடக்கச் சட்டகத்தில் ஓரமாக இருக்கும், தனியாகக் காட்ட மாட்டோம். சீனி கேட்கும் வசனத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன் ஆச்சி, உங்கள் அனுமதியோடு.

வளவா முகப்பா என்பதில் குழுவுக்குள் பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் வளவுதான் என்று முடிவு செய்தோம். அயித்தை நறுக்கிக்கொண்டிருந்த இடத்தில் பிள்ளைகளின் நாற்காலி வந்து விழ வேண்டும், அது முகப்பில் நடக்காது. தம்பி முதலில் முகப்பிலேயே உட்காரப் போகிறார், அண்ணன்தான் "உள்ளே காற்று வரும்" என்று நாற்காலியை உள்ளே தூக்கி வருகிறார். இதனால் ஆச்சி சொன்ன வழக்கமும் தெரியும் என்று நினைக்கிறோம்.

காடாத்துணி அண்ணனிடம் ஒரு கேள்வி. எங்களிடம் பெரிய விளக்கு எதுவும் இல்லை. இரண்டு எல்.ஈ.டி. பேனல் மட்டும்தான். வாசலுக்கு மேலே துணி கட்ட வீட்டுக்காரர் சம்மதிக்கிறார், ஆனால் ஓட்டில் ஏற வேண்டாம் என்கிறார். நீள ஷாட்டை எத்தனை மணிக்கு எடுப்பது?


காடாத்துணி:

வீட்டுக்காரர் சொல்வது சரி, அந்தப் பழைய ஓடுகளில் ஏறவே கூடாது. தாழ்வாரத் தூண்களுக்கிடையே கயிறு கட்டினால் போதும், தூணில் கயிறு படும் இடத்தில் துணி சுற்றுங்கள். ஆனால் இரண்டு பேனலை வைத்துத் துணியில் திருப்பினால் ஒன்றும் கிடைக்காது. துணியை விட்டுவிடுங்கள், வானத்தையே நம்புங்கள். வெயில் வாசலை விட்டு ஏறிய உடனே, அநேகமாக மூன்றரை மணிக்கு மேல், எடுக்கத் தொடங்கி ஐந்துக்குள் முடித்துவிடுங்கள். முந்தின நாளே போய் அரை மணிக்கு ஒரு தடவை அதே கோணத்தில் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எந்த நேரத்தில் நிழல் எங்கே வருகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். இரண்டு பேனலையும் இரண்டாம் கட்டில், அயித்தை நிற்கும் இடத்துக்குப் பக்கவாட்டில், சட்டகத்துக்கு வெளியே வையுங்கள். முன்னால் இருக்கும் பிள்ளைகளைவிட அவர் அரை ஸ்டாப், அதாவது கொஞ்சம் மட்டும், கூடுதல் வெளிச்சமாக இருக்கட்டும். சாயங்காலமாகத் தெரிவதற்கு நிறத்தைப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம், கூர்மையைப் பின்னால் கொண்டுவர முடியாது.